வன்னியில் வீடற்றவரையும் போதையில் இருப்பவரையும் மீட்டெடுப்பது எப்படி: ஊரவர்களுக்கான முழு வழிகாட்டி

சந்தைக் கட்டடத்திலோ பஸ் நிலையத்திலோ கோவில் மடத்திலோ படுத்துக் கிடக்கும் ஒருவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், தேவாலயக் குழு, விளையாட்டுக் கழகம் என்று நீங்கள் எங்கிருந்தாலும் சரி, நாலைந்து பேர் சேர்ந்தால் தொடங்கலாம். மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. எந்த இடத்தில் ஆளை வைத்தியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

"முதலில் குடியை விடட்டும், பிறகு பார்ப்போம்" என்பதுதான் எங்கள் ஊர்களில் வழக்கமாகக் கேட்கிற பேச்சு. அந்த ஒழுங்கை மாற்றுங்கள் என்று கேட்கவே இவ்வளவையும் எழுதுகிறேன். மழைக்கு ஒதுங்க இடமில்லாதவர், அடையாள அட்டை இல்லாதவர், நாளை விடிந்தால் எழும்பிப் போக ஒரு காரணமும் இல்லாதவர், எதை நம்பிக் குடியை விடுவார்? 1992இல் நியூயோர்க்கில் 'முதலில் வீடு' என்ற முறையைத் தொடங்கியவர்கள், குடியை நிறுத்தினால்தான் அறை தருவோம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வீடு கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் அங்கேயே நிலைத்தார்கள். பின்லாந்து 2008 முதல் அதையே அரச கொள்கையாக்கி, நீண்ட காலம் வீதியில் கிடந்தவர்களின் தொகையை நன்றாகக் குறைத்தது. பின்லாந்தின் பணம் எங்களிடம் இல்லைத்தான். ஆனால் முதலில் கூரை, அதோடு சேர்த்தே மருத்துவமும் உளவளத்துணையும் படிப்பும் என்று ஒழுங்கை மாற்றப் பெரிய பணம் வேண்டாம்.

யார் இவர்கள்

வீதியில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே கதை உள்ளவர்கள் இல்லை. 2009இல் குடும்பத்தை இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து தனி ஆளாகத் திரும்பியவர் இருக்கிறார். பிள்ளைகள் கைவிட்ட முதியவர் இருக்கிறார். மனநோய்க்கு மருந்து எடுத்து, இடையில் விட்டு, வீட்டை விட்டு இறங்கியவரும் உண்டு. அறுவடைக்கு வேறு மாவட்டத்தில் இருந்து வந்து ஊர் திரும்பாதவர், நுண்கடனில் காணியையும் நகையையும் இழந்த குடும்பம், 'ஐஸ்' (மெத்தம்பெட்டமின்) என்ற போதைப்பொருள் பழக்கத்தால் வீட்டார் வெளியே விட்ட இளைஞன் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழி தேவை. பெண்கள் வீதியில் தெரிய மாட்டார்கள். வீடு வீடாக வேலைக்கு நின்று, துன்புறுத்தலையும் பொறுத்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களைப் பெண்கள் மட்டுமே அணுகுவது நல்லது. அவர்களுக்கு 1938 என்ற உதவி இலக்கமும் இருக்கிறது.

வன்னியில் குடிக்குக் கீழே இழப்பு கிடக்கிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்று எழுதினார்: காயம் ஒரு ஆளோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும், ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையையும் சேர்த்து உடைத்துவிட்டது. அதனால் ஒரு ஆளை மட்டும் தூக்கிக்கொண்டு போய் எங்கோ வைத்து 'திருத்தி' அனுப்புகிற வேலை இங்கே நிற்காது. ஊரும் சேர்ந்து அசைய வேண்டும்.

முதற்படி: பழகுங்கள்

முதல் சில கிழமைகள் எதையும் கேட்காதீர்கள். படம் எடுக்காதீர்கள், முகநூலில் போடாதீர்கள். ஒரே ஆள், ஒரே நேரத்தில், தேத்தண்ணியோடு போய் இருந்து கதைத்துவிட்டு வர வேண்டும். கதையும் இந்த அளவில் போதும்:

"அண்ணை, சாப்பிட்டியளோ?"

"ம்."

"நேற்றைய மழைக்கு எங்கை படுத்தனீங்கள்?"

"சந்தைக்குள்ளைதான். தண்ணி வந்திட்டுது."

"சரி, நாளைக்கும் இந்த நேரம் வாறன்."

நாளைக்குச் சொன்ன நேரத்துக்குப் போவதுதான் இதில் முழு வேலையும். இவர்களிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்கள் நிறையப் பேர். பெயரை அவராகச் சொல்லும்வரை பொறுங்கள். போராட்டத்தில் இருந்தவரா என்று ஒருபோதும் விசாரிக்காதீர்கள். போர் முடிந்ததும் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அரசின் புனர்வாழ்வு முகாம்களுக்குள் போய் வந்த மண் இது. பெயர் விவரம் எழுதிக்கொண்டு, ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகிறோம் என்று சொன்னால் அடுத்த நாள் ஆள் அங்கே இருக்க மாட்டார். அந்தப் பயம் நியாயமானது. எங்கே போகிறோம், எவ்வளவு நேரம், விரும்பினால் திரும்பி வரலாமா என்பதை ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டாயப்படுத்தி அடைக்கும் வழி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி, போதைக்கு அடிமையானவரை நீதவான் உத்தரவின் பேரில் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பலாம். தானாக விரும்பிச் சிகிச்சை பெறவும் அதே சட்டத்தில் இடமுண்டு. 2012இல் ஐக்கிய நாடுகள் சபையின் 12 அமைப்புகள் கூட்டாக, கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடி, விரும்பிச் சேரும் சமூக மட்டச் சிகிச்சைக்கு மாறும்படி அரசுகளைக் கேட்டன. தாய்மார் பொலிசிடம் போய் "பிள்ளையைப் பிடித்து உள்ளே போடுங்கோ" என்று கெஞ்சும் நிலை எனக்கும் விளங்குகிறது. அதற்கு முன் மனநலப் பிரிவின் கதவைத் தட்டிப் பார்க்கும்படி அவர்களிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: எதைப் பாவிக்கிறார், நிறுத்தினால் என்ன ஆகும்

எல்லாப் போதையையும் ஒரே நாளில் நிறுத்த வைக்க முடியாது. சிலதை அப்படி நிறுத்தினால் ஆள் செத்துப்போகலாம். நல்ல மனமுள்ளவர்கள் கூடுதலாகத் தவறுவது இந்த இடத்தில்தான்.

முதலாவது சாராயமும் கசிப்பும். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளில் இருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு நேரம் இடம் தெரியாமல் போகும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், செத்தவரோடு கதைப்பார். "பேய் பிடிச்சிட்டுது" என்று சொல்லிக் கட்டிவைத்து, தண்ணீர் தெளித்து நேரத்தைக் கடத்தாதீர்கள். இது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. அங்கே நடுக்கத்துக்கு மருந்தும், தயமின் என்ற விற்றமின் பி1 ஊசியும் கொடுப்பார்கள். அந்த விற்றமின் குறைந்தால் மூளை நிரந்தரமாகப் பழுதாகலாம். முன்பு ஒரு தடவையாவது வலிப்பு வந்தவர் என்றால், நிறுத்தும் நாளையே வைத்தியரோடு பேசித்தான் குறிக்க வேண்டும். குளக்கரைக் காட்டுக்குள் காய்ச்சும் கசிப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதில் மெத்தனோல் சேர்ந்திருந்தால் கண் பறிபோகும். குடித்தபின் பார்வை மங்குகிறது, வெள்ளையாகத் தெரிகிறது என்று சொன்னால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

ஹெரோயின், அதாவது 'தூள்', நிறுத்தினால் உடம்பு முறிந்ததுபோல் வலிக்கும். கண்ணும் மூக்கும் ஒழுகும், வயிற்றுப்போக்கு, நித்திரையின்மை. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சமாகி, ஒரு கிழமை பத்து நாளில் தணியும். இதனால் உயிர் போவது அரிது, ஆனால் வாந்தியாலும் போக்காலும் உடம்பு வற்றக் கூடாது, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஜீவனித் தூளைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பெரிய ஆபத்து பிறகுதான் வருகிறது. சிறையிலோ சிகிச்சையிலோ சில காலம் இருந்து வெளியே வந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்த அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். வெளியே வந்த முதல் இரண்டு கிழமைக்கு ஆளைத் தனியே விடாதீர்கள்.

ஐஸ் வேறு மாதிரி. நிறுத்தினால் நாள் கணக்கில் தூங்குவார், எழும்பிச் சாப்பிடுவார், பிறகு மனம் பாதாளத்துக்குப் போகும். தற்கொலை எண்ணம் வரும் காலம் அது. கயிறும் பூச்சிமருந்தும் கண்ணில் படாமல் எடுத்து வைக்க வேண்டும். வயல் ஊரில் பூச்சிமருந்து எந்த வீட்டிலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சந்தேகமும் காதில் குரல் கேட்பதும் இருந்தால் மனநல வைத்தியர் பார்க்க வேண்டும். ஐஸை நிறுத்த இதுதான் என்று சொல்ல ஒரு மாத்திரை இல்லை. உளவளத்துணையும் ஒழுங்கான நாட்களும்தான் மருந்து.

பிரகாபலின் போன்ற போதை மாத்திரைகளையும் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். எத்தனை மாத்திரை என்று திட்டாமல் கேட்டு, அந்த எண்ணிக்கையை அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலச் சேவை கிடைக்கிறது, இலவசம்தான். கூட்டிப் போகும்போது ஒரே பயணத்தில் மற்றதையும் பார்ப்பித்துவிடுங்கள்: இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை, காலில் ஆறாத புண் என்றால் சீனி வருத்தப் பரிசோதனை, குடிப்பவர் என்றால் ஈரல் பரிசோதனை.

மூன்றாம் படி: கூரை

பெரிய கட்டடம் வேண்டாம். கோவில் மடத்தில் ஒரு மூலை, பாவிக்காத சனசமூக நிலையம், யாரோ வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடக்கும் வீட்டின் விறாந்தை, எது கிடைத்தாலும் உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பூட்டும் திறப்பும் உள்ள ஒரு பெட்டி கொடுங்கள். வீதியில் இருப்பவருக்குத் தன் சாமானை வைக்க இடம் கிடைப்பது சின்ன விடயமில்லை. வீட்டுக்குள் போதைப்பொருள் கொண்டுவரக் கூடாது, மற்றவருக்குக் கை நீட்டக் கூடாது என்ற இரண்டு விதி போதும். வெறியோடு வந்தால் என்ன செய்வது? படுக்க விடுங்கள், காலையில் கதையுங்கள். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே அறிவித்து வையுங்கள். அலைந்து திரிவோரைப் பிடிக்கும் 1841ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. யாரையாவது அதில் பிடித்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

நான்காம் படி: அட்டை

அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு இல்லை, பயிற்சிநெறியில் சேரவும் முடியாது. இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். முதலில் பிறப்புச் சான்றிதழ். பதிவு இருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லாவிட்டால் காலங்கடந்த பதிவு அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ். பிறகு கிராம அலுவலர் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பம். தொலைந்த அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் வேண்டும். இதற்கு மாதங்கள் எடுக்கும், அதனால் முதல் கிழமையே தொடங்குங்கள். ஒவ்வொரு தடவையும் அவரோடு கூடப் போங்கள். வரிசையில் தனியே நிற்கும்போது ஒரு உத்தியோகத்தர் முகத்தைச் சுளித்தால் போதும், மனிதர் அப்படியே திரும்பி நடந்துவிடுவார்.

ஐந்தாம் படி: உளவளத்துணை

ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் உளவளத்துணைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் யார் என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஆழமான வேலை அவருக்கும் மனநலப் பிரிவுக்கும் உரியது. ஆனால் நாளாந்தக் கதையும் பாதி மருந்து, அதைப் பழகிக்கொள்ளலாம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதத் தொடங்கி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த 'ஊக்கமூட்டும் நேர்காணல்' (Motivational Interviewing) என்ற முறை இருக்கிறது. மாறச் சொல்லி வற்புறுத்தினால் மனிதர் மாறாமல் இருப்பதற்கான நியாயங்களைத்தான் சொல்வார். மாறுவதற்கான நியாயம் அவர் வாயில் இருந்தே வரும்படி கேட்க வேண்டும். எங்கள் பேச்சில் அது இப்படி வரும்:

"ஐயா, குடி உங்களுக்கு என்ன தருது?"

"நித்திரை."

"குடிக்காட்டி நித்திரை வராதோ?"

"வராது. வந்தாலும் கனவு."

"இடையிலை குடிக்காமல் இருந்த காலம் ஏதும் இருக்கோ?"

"போன வருசம் வற்றாப்பளைப் பொங்கலுக்கு விரதம் இருந்தனான். ஒரு கிழமை தொடேல்லை."

"ஒரு கிழமை! அது எப்பிடி ஏலுமாய் இருந்தது?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் தன் பலத்தைத் தானே சொல்லத் தொடங்குவார். அம்மன் மேல் பயம் என்பார், அக்கா வீட்டில் நின்றேன் என்பார், இரவில் ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள் என்பார். அங்கேதான் உங்களுக்குத் திட்டம் கிடைக்கிறது: இரவில் ஆள் இருந்தால் இவருக்கு ஏலும். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தவரிடமும் இப்படியே கேளுங்கள். நாங்கள் போதிக்க வேண்டியதில்லை, அவருடைய நம்பிக்கையே வழி காட்டும்.

இழப்பைப் பற்றிய கதை தானாக வந்தால் கேளுங்கள், தோண்டாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளிடம் "இனி வரமாட்டினம், மனதைத் தேற்றுங்கோ" என்று சொல்லவே கூடாது. அந்தத் தாய்மார் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் இருந்து போராடுகிறார்கள். பதில் இல்லாத இழப்பை ஏற்றுக்கொள் என்று வெளியாள் சொல்வது கொடுமை. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 வரும் கிழமையில் குடி கூடும். அந்த நாட்களில் கூட இருக்க இப்போதே ஆளைக் குறித்து வையுங்கள். பயிற்சி பெற விரும்புவோருக்கு, நிபுணர் அல்லாதவரும் ஐந்து அமர்வில் நடத்தக்கூடிய Problem Management Plus (PM+) என்ற முறையை உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்டது. மூச்சுப் பயிற்சி, ஒரு நேரத்தில் ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்ப்பது, விட்டுப்போன சின்ன வேலைகளை மறுபடி தொடங்குவது, ஆதரவைத் தேடிக்கொள்வது என்பவைதான் அதில் இருப்பவை. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற அமைப்புகள் நீண்டகாலமாக இத்துறையில் இருக்கின்றன.

அவர் சொன்ன எதையும் சங்கக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். சின்ன ஊர், ஒரு வார்த்தை கசிந்தால் எல்லாம் போச்சு.

ஆறாம் படி: படிப்பு

குணமானபின் தருகிற பரிசாகப் படிப்பை வைக்காதீர்கள். போதை போன இடத்தில் நாள் முழுக்க வெறுமை வந்து நிற்கும், அந்த மணித்தியாலங்களை நிரப்புவது படிப்பு. முதல் கிழமையில் இருந்தே, நாளுக்கு ஒரு மணி நேரமாவது, ஒரே நேரத்தில் இருக்கட்டும்.

2008இல் பத்து வயதாக இருந்து, ஊர் ஊராக ஓடியதில் பள்ளியை இழந்த பிள்ளை இன்று முப்பதை நெருங்குகிறது. கையெழுத்து வைக்க வெட்கப்பட்டு, பேனையைக் கண்டாலே எழும்பிப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் முன் முதலாம் வகுப்புப் புத்தகத்தை விரிக்காதீர்கள். பஸ் நிலையத்தில் படுத்தவருக்கு எந்த பஸ் எங்கே போகும் என்று நிறத்தையும் நடத்துனரையும் வைத்தே தெரியும். அந்த அறிவில் இருந்து தொடங்குங்கள். கிளிநொச்சியில் இருந்து தெற்கே போகும் ஏ9 வீதியில் வரும் பெயர்களை மட்டைகளில் பெரிதாக எழுதுங்கள்: முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா. ஒழுங்கு அவருக்குத் தெரியும், மட்டைகளை அவரே அடுக்கட்டும். அடுக்கியபின் இரண்டு மட்டையில் பின்பகுதி ஒன்றாக இருக்கிறதே என்று கேளுங்கள். 'குளம்' என்று அவர் வாயால் வந்தால் அன்றைக்கு அது போதும். வன்னியில் ஊர்ப்பெயர்களில் எத்தனை குளத்தில் முடிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த நாள் வீதியால் போகும்போது பாதிப் பலகையை அவர் வாசித்துவிடுவார். அதற்குப் பிறகு தன் பெயர், பிறகு அட்டை விண்ணப்பப் படிவம், மருந்துச் சிட்டை, பூச்சிமருந்துப் போத்தலின் எச்சரிக்கை. கணக்கு என்றால் கூலிக் கணக்கு. முறைசாராக் கல்விப் பிரிவு வலயக் கல்வி அலுவலகத்தில் உண்டு, வகுப்புக்கு உதவி கேட்கலாம். ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் ஊரில் இருந்தால் அவரை விடாதீர்கள்.

கைவேலை தெரிந்தவருக்கு வேறு வழி இருக்கிறது. பதினைந்து வருடம் மேசன் வேலை செய்தவரை மறுபடி வகுப்பில் இருத்த வேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், அவருடைய அனுபவத்தைப் பரிசோதித்து தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கொடுப்பார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும், தொழில் பழகுநர் பயிற்சிக்கான அரச நிறுவனமான நைற்றாவிலும் (NAITA) விசாரியுங்கள். இளைஞர்களுக்கு கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016 முதல் இயங்குகிறது. ஒன்று மட்டும் கவனம்: பயிற்சி தொடங்கும் முதல் மாதம் பயமும் தனிமையும் கூடிய மாதம். உங்களில் ஒருவர் கிழமைக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: வேலையும் கூலியும்

கூலி கைக்கு வரும் பின்னேரம்தான் ஆபத்தான நேரம். காலபோக அறுவடையில் கையில் காசு புழங்கும். வயற்காரரோடும், மீன்பிடியில் ஆட்களை வேலைக்கு வைக்கும் சம்மாட்டியோடும் முன்பே கதைத்து இரண்டைக் கேளுங்கள்: கூலியோடு கால் போத்தல் கொடுக்கிற வழக்கம் இந்த ஆளுக்கு வேண்டாம், கூலியில் ஒரு பகுதியை அவர் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்ப முடியுமா. அவர் சம்மதத்தோடுதான் இதுவும். அவருடைய காசை நீங்கள் கையில் வைத்திருக்காதீர்கள், எவ்வளவு நல்லெண்ணம் என்றாலும் அது உறவைக் கெடுக்கும். வேலைத்தளத்தில் இருந்து வரும் வழி தவறணையைக் கடந்து போகிறதென்றால், முதல் மாதங்களில் ஒருவர் சைக்கிளில் கூட வரட்டும்.

குடும்பத்துக்குத் திரும்புவதை அவசரப்படுத்த வேண்டாம். அடிபட்ட மனைவி "வேண்டாம்" என்றால் அது வேண்டாம்தான். ஆளை ஏற்கும்படி அவளிடம் நியாயம் பேசப் போகாதீர்கள்.

எட்டாம் படி: மறுபடி விழும்போது

விழுவார், அநேகமாக ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. இது சர்க்கரை வியாதி மாதிரி நீண்டகால வருத்தம், இடையில் கூடும் குறையும். விழுந்த அன்று புத்திமதி சொல்லாதீர்கள். இரண்டு நாள் கழித்து, முதல் போத்தலுக்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று சேர்ந்து பாருங்கள்: யாரைக் கண்டார், என்ன செய்தி கேட்டார், சாப்பிட்டாரா, தூங்கினாரா. அந்தப் பட்டியல் அவருடைய கொப்பியில் அவருடைய எழுத்திலேயே இருக்கட்டும். எழுதப் பழகியதற்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை. படுக்கும் இடத்தை மட்டும் பறிக்காதீர்கள். பறித்தால் எட்டுப் படியும் போய் முதற்படியில் இருந்து தொடங்க வேண்டும், அடுத்த தடவை அவர் உங்களை நம்பவும் மாட்டார்.

உங்கள் குழுவில் ஒரு ஆளுக்கு இரண்டு பேர் என்று பொறுப்பு வையுங்கள், ஒருவர் களைத்தால் மற்றவர் எடுக்கலாம். மாதம் ஒரு முறை நீங்களும் கூடி இருந்து உங்கள் பாரத்தைக் கதையுங்கள். தங்கும் இடத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் மூன்று இலக்கங்கள் ஒட்டி வையுங்கள்: தேசிய மனநல உதவிக்கு 1926, அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனைக்கு 1927, அம்புலன்ஸுக்கு 1990. பக்கத்தில் பொறுப்பான இருவரின் தொலைபேசி இலக்கமும், தொலைபேசியில் அழைக்க வழியில்லாதவருக்கு இரவில் தட்ட வேண்டிய வீட்டின் பெயரும் இருக்கட்டும்.